பன்னிரண்டு பேரில் ஒருத்தி

கூடத்து வாசலுக்கு மேலே பெட்டியை மாட்டிய மறுநாள் காலை ஆறு மணிக்கு விளக்கு சிவப்பாக எரிந்தது. அன்றிலிருந்து எங்கள் முகாமில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. எல்லாம் ஓரக்கண்தான்.

நான் பிரம்மசக்தி. மாநிலப் பெண்கள் கபடி அணிக்குப் பதினேழு வருஷமாகக் கைகால் பிடித்துவிடுகிறவள். அடையாள அட்டையில் என்னவோ நீளமாகப் போட்டிருப்பார்கள். பிள்ளைகளுக்கு நான் மசாஜ் சக்தியக்கா. தொடையைத் தொட்டால் போதும், எவள் நேற்று தூங்கவில்லை, எவள் வலியை மறைக்கிறாள், எவள் வீட்டு நினைப்பில் இருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துச் சொல்வதை நான் முந்தின நாளே சொல்லியிருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் கொழுப்பும் உண்டு. இத்தனை வினையும் அந்தக் கொழுப்பால் வந்ததுதான்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் வடக்கே ஓர் ஓட்டக்காரப் பெண்ணின் ரத்த அறிக்கை ஊரெல்லாம் போனில் சுற்றியது. அந்தப் பிள்ளை அதற்கப்புறம் வீட்டுக் கதவைத் திறக்கவே இல்லை. வழக்கு நடந்தது. எந்த வீராங்கனையிடமும் ரத்தமோ எச்சிலோ எடுத்து ‘நீ பெண்தானா’ என்று பார்க்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. நானும் கைதட்டினேன். ஆனால் சங்கத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? உடம்பைத்தானே தொடக் கூடாது, காற்றைத் தொடலாமே என்று இந்தப் பெட்டியைக் கொண்டுவந்துவிட்டார்கள். பிள்ளைகள் அதற்கு மோப்பம் என்று பெயர் வைத்தார்கள்.

மாட்ட வந்தவள் நஸ்ரின் என்று ஒரு சின்னப் பெண். ஏணியில் நின்றபடியே எனக்கு விளக்கினாள்.

“மனுஷ உடம்புலருந்து தோல், முடி எல்லாம் தூசியா உதிர்ந்துகிட்டே இருக்கும்க்கா. பெட்டி நாள் பூரா காத்த உறிஞ்சி, அந்தத் தூசியில ஆம்பளைங்களுக்கு இருக்கிற ஒய் குரோமோசோம் இருக்கானு தேடும். காலைல ஆறு மணிக்கு ஒரே தடவ விளக்கு மாறும். இல்லன்னா பச்சை, இருந்தா சிவப்பு.”

“யாருன்னு சொல்லுமா?”

“சொல்லாது. சொல்லவும் கூடாது. அதான் சட்டம்.”

“அப்ப இத்தன பேருல எவளோ ஒருத்தின்னு மட்டும் சொல்லிட்டு, அது பாட்டுக்குச் சும்மா இருந்துக்கும். அடிச்சிக்கிடுறது நாமளா?”

நஸ்ரின் சிரித்தாள்.

பெட்டி வந்த நாளிலிருந்து ஆண்கள் யாரும் கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. அவர்கள் தூசியே விளக்கைச் சிவப்பாக்கிவிடும். பயிற்சியாளரும் மேனேஜர் ஆல்வின் சாரும் வராந்தாவில் நின்று, ஜன்னல் கம்பி வழியாகத்தான் கத்துவார்கள். சமையல்காரிகள் பின்கட்டோடு சரி. கூடத்துக்குள் போய்வருவது பன்னிரண்டு வீராங்கனைகளும் நானும் மட்டும்தான். பதினாறாவது நாள் தேசியப் போட்டிக்குப் பதிவு. அன்று காலை ஆறு மணிக்கு விளக்கு சிவப்பாக இருந்தால் மொத்த அணியும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஆக, பன்னிரண்டு பேரில் ஒருத்தி. யார்?

சந்தேகம் வந்துவிட்டால் பெண்பிள்ளைகள் என்னென்ன செய்வார்கள் என்பதை அந்த வாரம்தான் பார்த்தேன். தோடு போடாதவளெல்லாம் தோடு போட்டாள். பயிற்சிக்கு மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்தாள் ஒருத்தி. ‘ஏட்டி, கபடி ஆட வந்தியா, பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் காப்பி குடுக்க வந்தியா?’ என்று நான் கேட்டதற்கு ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. இன்னும் கேவலம், பின்கட்டுக் கழிப்பறைக் கூடையில் நாப்கினைத் தாளில் சுற்றாமல் அப்படியே போட ஆரம்பித்தார்கள். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான். கூட்டிப்பெருக்க வந்த அம்மா என்னிடம் வந்து சண்டை போட்டாள்.

கேப்டன் ஜெனிலா குளச்சல்காரி, மீனவர் வீட்டுப் பெண். போன வருஷம் வேறு மாநில அணியோடு ஆடியபோது ஒருத்தி தோளால் இடித்து இவள் காறை எலும்பை முறித்துவிட்டாள். அந்த எலும்பு கூடியதும் என் கையில்தான். ஒருநாள் தோளைப் பிடித்துவிடும்போது கேட்டேன்.

“நீ எதுக்குட்டி இவ்வளவு கெடந்து துடிக்க? பெட்டி சொன்னா சொல்லிட்டுப் போகுது.”

“எனக்கு யாரு மேலயும் கோவம் இல்லக்கா. இங்க எவளா இருந்தாலும் அப்பிடிப் பொறந்தது அவ குத்தம் இல்ல. ஆனா பொம்பளைங்களுக்குன்னு ஒரு கோடு போட்டாத்தான எனக்கு இந்தக் கூடத்துல எடம்? அந்தக் கோட்ட எடுத்துட்டா நான் ஊருல வலை பின்னிக்கிட்டு இருப்பேன். எலும்பு முறிஞ்சப்ப வலிச்சது எனக்குத்தான, கோர்ட்டுக்கு இல்லயே?”

நியாயம்தானே? எனக்கு அவள் பேச்சில் ஒரு தப்பும் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

ஆல்வின் சார் மறுநாள் ஜன்னலுக்கு வந்தார். நல்ல மனுஷன். ஆனால் வேலை போய்விடும் என்ற பயம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

“அக்கா, சட்டப்படி நான் யாருகிட்டயும் கேக்க முடியாது. ஆனா நீங்க எல்லாப் பிள்ளைங்களையும் தெனமும் தொடுதீங்க. உங்க கைக்குத் தெரியாததா? யாரு?”

“எனக்கெதுக்கு சார் இந்தப் பொல்லாப்பு?”

“ஒருத்திக்காகப் பதினோரு பேரு வாழ்க்க போணுமா? நீங்க சொன்னதா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

சொல்லியிருக்கக் கூடாது. வாய் இருக்கே, அது சும்மா கிடந்தால்தானே. ‘உங்க கைக்குத் தெரியாததா’ என்றதும் என் கை தானாக யோசிக்க ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு தொடையாக, ஒவ்வொரு தோளாக நினைத்துப் பார்த்தேன்.

“பேச்சி,” என்றேன்.

பேச்சிப்பிரியாவுக்குப் பத்தொன்பது வயது. விளாத்திகுளத்துக்குப் பக்கம், அம்மா கரிமூட்டத்துக்கு விறகு வெட்டப் போகிறவள். பேச்சி இடது ஓரத்தில் நின்று கணுக்காலைப் பிடித்தால் பாடி வந்தவள் கோட்டைத் தொட்டதாகச் சரித்திரமே இல்லை. குரல் கட்டை. எல்லோருக்கும் முன்னால் எழுந்து தனியாகக் குளித்துவிடுவாள். மற்றவர்கள் மூன்று பேர் சேர்ந்து மடக்குகிற ஆளை அவள் ஒருத்தியே தூக்கி வைப்பாள். தொடை தொட்டால் கருங்கல். இந்தப் போட்டியில் ஆடுகிறவர்களிலிருந்துதான் ரயில்வேயில் வேலைக்கு எடுக்கப்போகிறார்கள் என்பதால் மற்றவர்கள் தூங்கும்போதும் அவள் தண்டால் எடுத்துக்கொண்டிருப்பாள். இத்தனையையும் கூட்டிப் பார்த்துத்தான் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் அவள் என் மேஜைக்கு வந்தாள். படுக்கவில்லை, நின்றாள்.

“மேனேஜர் சார் மூட்டு வலின்னு எழுதிக் குடுத்துட்டு ஊருக்குப் போகச் சொல்லுதாரு. எனக்கு மூட்டு வலிக்கவே இல்லக்கா. நீங்கதான் என்னமோ சொன்னீங்களாமே?”

சொல்ல மாட்டேன் என்றவர் சொல்லிவிட்டிருக்கிறார்.

“உன் நல்லதுக்குத்தான் பிள்ள. நாளைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சு அசிங்கமாகுறதுக்கு...”

“நெசமாவேவாக்கா? கையில தெரிஞ்சுதா?”

இல்லை என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது.

“தெரிஞ்சுது,” என்றேன்.

அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். யாருடைய காலையோ பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வாசல் வரை ஒருத்திகூட வழியனுப்பப் போகவில்லை. நானும் போகவில்லை.

அடுத்த இரண்டு நாளும் விளக்கு சிவப்புதான். ‘பழைய தூசி அடங்க ரெண்டு மூணு நாள் ஆகும்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கு’ என்றார் ஆல்வின் சார். மூன்றாம் நாள் காலையில் நான் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிளம்பினேன். என் வீட்டுக்காரரின் அக்கா பேத்தி வயசுக்கு வந்த சடங்கு. போகாவிட்டால் அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். பிள்ளை இல்லாதவள் என்பதால் ஆலாத்தி எடுக்க என்னைக் கூப்பிட மாட்டார்கள். பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பேன், அவ்வளவுதான். மூன்று நாள் இருந்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்த காலையில் கூடத்தில் ஒரே கூத்து. விளக்கு பச்சை! ஜெனிலா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்க்கா. அவ போனா, தூசி அடங்குச்சு, பச்சை வந்துட்டு!”

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? மூன்று நாள் விட்டுப்போன பாக்கிக்குப் பதினோரு பேருக்கும் சாயங்காலம் வரை பிடித்துவிட்டேன். பேச்சி இடத்துக்கு வரவேண்டிய மாற்று ஆட்டக்காரி இன்னும் வந்துசேரவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு விளக்கு சிவப்பு.

யாரோ ஒருத்தி மெதுவாகச் சொன்னாள், “ஜெனிலாவுக்கு மீச முடி உண்டு. மாசாமாசம் எடுப்பா.” பதினோரு ஜோடிக் கண்ணில் பத்து ஜோடி அவள் பக்கம் திரும்பியது. அவ்வளவு நியாயம் பேசிய பிள்ளை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். பதிவுக்கு இன்னும் ஐந்தே நாள்.

சுவரிலிருந்த நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேச்சி போன பிறகும் சிவப்பு. நான் ஊருக்குப் போன பிறகு பச்சை. நான் வந்து எல்லோரையும் தொட்ட மறுநாள் சிவப்பு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும் கணக்கு. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பேர் என்றே நாங்கள் எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தோம். பதிமூன்றாவதாக ஒருத்தி தினமும் உள்ளே போய் வந்தது யார் புத்திக்கும் எட்டவில்லை. என் புத்திக்கே எட்டவில்லையே!

எண்ணெய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நஸ்ரினுக்குப் போன் போட்டேன்.

“ஏம்மா, ஒரு சந்தேகம். எனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பள. வயசுக்கே வரல. பாக்க எல்லாப் பொம்பளையும் மாதிரிதான், மார்பெல்லாம் சரியா இருக்கு. கையில காலுல முடியே கெடையாது. கல்யாணத்துக்கு முன்ன அடிவயித்துல ரெண்டு பக்கமும் குடலிறக்கம்னு ஆபரேஷன் பண்ணாங்க. அவளுக்கு...”

நஸ்ரின் முடிக்க விடவில்லை.

“அது குடலிறக்கமா இருந்திருக்காதுக்கா. சில பேரு ஒய் குரோமோசோமோட பொறப்பாங்க. ஆனா உடம்பு ஆம்பள ஹார்மோன கண்டுக்கவே கண்டுக்காது. அதனால பொண்ணாத்தான் வளருவாங்க. கர்ப்பப்பை இருக்காது. உள்ள ஒதுங்கி இருக்கறத டாக்டருங்க எடுத்துருவாங்க. முன்னாடியெல்லாம் வீட்டுல யாரும் முழுசாச் சொல்ல மாட்டாங்க.”

“அவளுக்குப் பலம் ஜாஸ்தியா இருக்குமா?”

“அந்த வகைக்கு ஆம்பள ஹார்மோனால ஒரு பலமும் கெடையாது. வேற வகைங்க இருக்கு, அதுல சில பேருக்கு இருக்கும். இதெல்லாம் பெட்டிக்குத் தெரியாதுக்கா. அதுக்கு ஆளும் தெரியாது, பலமும் தெரியாது. ஒய் இருக்கா இல்லயா, அம்புட்டுத்தான்.”

போனை வைத்துவிட்டு என் கைகளைப் பார்த்தேன். வழுவழுவென்று ரோமமே இல்லாத கைகள். தெருப் பெண்கள் பொறாமைப்பட்ட கைகள்.

பதினாறு வயது வரை எனக்கு ஒன்றும் வரவில்லை. தெருவில் பேச்சு கிளம்பியதும் அம்மா ஒரு வெள்ளிக்கிழமை என் தலையில் தண்ணீர் ஊற்றி, ஓலைக்குச்சுக்குள் உட்கார வைத்து, ஊரைக் கூட்டிச் சடங்கு சுற்றிவிட்டாள். வராததற்கு ஒரு சடங்கு. மாமா பட்டுப்பாவாடை எடுத்து வந்தார். மூன்று வருஷம் கழித்து ஆபரேஷன். ‘கர்ப்பப்பை சின்னதா இருக்காம், நீ யாருகிட்டயும் மூச்சு விடாத’ என்று அம்மா சொன்னது மட்டும்தான் எனக்குத் தெரியும். மீதியை அவள் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மா மேல் கோபம் வந்தது. உடனே அழுகையும் வந்தது. ஆனால் அதற்கெல்லாம் மேலே, பேச்சி குனிந்து தன் கால்களைப் பார்த்தாளே, அதுதான் நெஞ்சை அறுத்தது.

ஆல்வின் சாரிடம் ஜன்னலுக்கு வெளியே போய் நின்று சொன்னேன். அவர் முகத்தில் முதலில் வந்தது ஆறுதல்தான். பாவம், மறைக்கத் தெரியவில்லை.

“இது யாருக்கும் தெரிய வேண்டாம்க்கா. இன்னைக்கே நீங்க கெளம்பிருங்க. கூடத்த ஈரத்துணி போட்டுத் தொடச்சிட்டா மூணு நாளுல பச்சை வந்துரும். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. ஆம்பளப் பயலுவ முகாமுல மசாஜுக்கு ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க...”

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“பேச்சி?” என்றேன்.

“அவள இனிமே கூப்பிட்டா ஏன் அனுப்புனீங்கன்னு கேப்பாங்க. மூட்டு வலின்னே இருக்கட்டும்க்கா.”

நான் அவரிடம் வாதாடவில்லை. பஸ் ஏறி விளாத்திகுளம் போனேன்.

பேச்சி வீட்டில் தனியாக இருந்தாள். உள்ளே கூப்பிட்டாள், தண்ணீர் கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், சடங்கு வரை.

“நீ டாக்டருகிட்டப் போனியா பிள்ள?”

“இல்ல.”

“ஏன்?”

“எதுக்குப் போணும்? எங்கம்மாவுக்குத் தெரியாத வலியெல்லாம் உங்க கைக்குத் தெரியும். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன். ஒரு வாரமா நான் யாருன்னே தெரியாம இருக்கேன்க்கா. குளிக்கும்போதுகூடக் கீழ பாக்குறதில்ல.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“வா பிள்ள, போவோம்,” என்றேன்.

“மேனேஜருகிட்டச் சொன்னீங்க, சரி. அவளுவகிட்டச் சொல்லுவீங்களா? அத்தன பேரு முன்னாடியும்? இல்லன்னா நான் எதுக்கு வரணும்? போட்டி முடியுற வரைக்கும் என் துண்டத் தனியாத்தான காயப்போடுவாளுவ.”

சொன்னால் ஒரு மணி நேரத்தில் ஸ்ரீவைகுண்டம் வரை போய்விடும். முப்பது வருஷம் ஒரு கேள்வி கேட்காமல் என்னோடு வாழ்ந்த மனுஷனை நாளைக்கு டீக்கடையில் என்னவெல்லாம் கேட்பார்கள்! வீட்டுக்குப் போன் போட்டு அவரிடம் சொன்னேன். “அந்தப் பிள்ளைக்கு வேல கெடைக்கும்லா? சொல்லிரு,” என்றார்.

மறுநாள் வராந்தாவில், ஆண்கள் நிற்கிற அதே இடத்தில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே பதினோரு பேர். என் பக்கத்தில் பேச்சி.

“சிவப்பு விளக்கு என்னாலதான். பேச்சியாலயும் இல்ல, ஜெனிலாவாலயும் இல்ல. நான் வாய்க் கொழுப்பெடுத்து ஒரு பச்சப் பிள்ள மேல பழியப் போட்டுட்டேன்,” என்று தொடங்கி, வராத சடங்கையும் செய்த ஆபரேஷனையும் சொல்லி முடித்தேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒருத்தி களுக்கென்று சிரித்து உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெனிலா ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தாள். இன்னும் கண் வீங்கித்தான் இருந்தது.

“அக்கா, நீங்க பொம்பளதான?” அவள் கேட்டதில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

“ஐம்பத்து மூணு வருஷமா வேற எதுவாவும் இருக்கத் தெரியலட்டி எனக்கு,” என்றேன்.

அவள் போய்க் கதவைத் திறந்தாள். பேச்சி உள்ளே போனாள். நான் வராந்தாவிலேயே நின்றுவிட்டேன். விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்ட பிறகு ஆல்வின் சாரும் மூட்டு வலி ஆறிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்.

பதிவு நாள் காலையில் நான் ஐந்து மணிக்கே வந்து கம்பியைப் பிடித்து நின்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விளக்கைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் வெளியே வந்தாயிற்று, கூடம் துடைத்தாயிற்று. ஆனாலும் பேச்சி உள்ளே இருக்கிறாளே என்று எனக்குள் ஒரு பிசாசு முனகிக்கொண்டே இருந்தது.

ஆறு மணிக்குப் பச்சை எரிந்தது. உள்ளே கத்தின கத்தலில் வேப்பமரத்துக் காக்கையெல்லாம் பறந்துவிட்டது. ஆல்வின் சார் பதிவுத்தாளை அனுப்பிவிட்டு என் பக்கம் பார்த்து முதல்முறையாகக் கும்பிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பேச்சி வராந்தாவுக்கு வந்தாள். படியில் உட்கார்ந்து இடது காலை என் பக்கம் நீட்டினாள்.

“பிடிச்சு விடுங்கக்கா. நேத்துலருந்து இழுக்கு.”

“உள்ள ஜெனிலாகிட்டச் சொல்லேன். நான் தொட்டு, அது மறுபடியும் சிவப்பாயி...”

“பதிவுதான் முடிஞ்சாச்சே. எரிஞ்சா எரியட்டும்.”

எண்ணெய் தொட்டுத் தொடையில் கை வைத்தேன். அதே கருங்கல். அன்றைக்குச் சொன்னதையே என் கை இன்றைக்கும் சொன்னது, அதே நிச்சயத்தோடு, கொஞ்சமும் வெட்கமில்லாமல். பச்சை விளக்கு என் தலைக்கு மேலேதான் எரிந்துகொண்டிருந்தது.

பேச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா சொல்லுது உங்க கை?”

“அது கெடக்கு,” என்றேன். “எங்க வலிக்குன்னு நீ சொல்லு பிள்ள.”